அழிந்துபோன நாற்பத்தொரு புகார்கள்

2008 நவம்பர் 12. காலை 8.10.

திருவொற்றியூர் குடியிருப்போர் சங்க அலுவலகத்தில் பட்டம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். கம்ப்யூட்டர் திரையில், சங்கத்தின் இணையதளத்தில், அவள் கணவன் சுப்பராயனின் புகாரைக் காணவில்லை. அது மட்டுமல்ல, எல்லாமே போயிருந்தன.

மணலி சாலையில் டேங்கர் லாரி ஒன்று வாயுவைக் கசியவிட்ட அன்று தாங்கள் கண்டதைப் பலர் அங்கே பதிந்திருந்தார்கள். சுப்பராயன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சிரைக்கச் சொல்ல, சங்கத்துக் கம்ப்யூட்டர் பையன் அறிவு அதை நேராகத் தளத்தில் டைப் செய்தான். காகிதப் பிரதி கிடையாது. மறுநாள் சுப்பராயன் இறந்துபோனான். வாயுக் கசிவு விசாரணைக்கு இன்னும் இரண்டே நாள்.

9.05. சப்-இன்ஸ்பெக்டர் ராமசெல்வி வந்தார்.

“மொத்தம் எத்தனை?”

“நாப்பத்தொண்ணும்மா. தெனிக்கும் எண்ணுவேன். அவரோடதுதான் கடைசி.”

அவற்றுக்குப் பதில் திரையில் வேறு மூன்று புகார்கள் மட்டும் தெரிந்தன.

“இந்தப் பேருல நம்ம ஏரியால ஒருத்தரும் கெடையாதும்மா.”

தளத்தை அமைத்தவன் வியாசர்பாடி அறிவு. அவன் திரையருகே வந்தான்.

“புகார் வாங்கறதுக்குன்னு ஒரு சின்ன புரோகிராம், பேக்கேஜ்னு சொல்வோம், தனியா சேர்த்தேன் மேடம். அதோட மாதிரிக்கு மூணு புகார் வரும். போட்ட அன்னிக்கே, பக்கத்துல காட்டுங்கிற டிக்கை எடுத்து மறைச்சிட்டேன். அழிக்கல.”

“இப்ப தெரியுதே?”

“பேக்கேஜைக் கழட்டி மறுபடி போட்டிருக்காங்க. கழட்டுனா அதுல கீறது எல்லாம் போய்டும். புதுசா போட்டா மாதிரி மூணும் வெளிய வந்துடும்.”

“மறைச்சதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல மேடம்.”

“பாஸ்வேர்டு?”

“எனக்கும் செயலாளருக்கும் தெரியும். பேக்கேஜ் சி.டி. இங்க பீரோவுலதான் கீது.”

10.20. ராயபுரம். சங்கச் செயலாளர் ஞானத்தின் இரும்புக்கடை.

“இன்னைக்கு அந்தப் பக்கமே போகல மேடம். புகார் போச்சுன்னு போன்ல சொன்னாங்க. எனக்கு வாசிக்க மட்டும்தான் தெரியும். நாற்பத்துநாலு பேரோட கண்ணீர்! அறிவைப் பிடிங்க. வேற யாரு செய்வா?”

ராமசெல்வி அவரை ஜீப்பில் ஏற்றினார்.

11.15. மீண்டும் அலுவலகம்.

“அறிவு, அந்த மூணையும் மறைங்க.”

மறைத்தான். பக்கம் காலியானது.

“இப்ப பேக்கேஜைக் கழட்டுங்க.”

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: இந்தப் பேக்கேஜோடு 3 புகார்களும் அழியும், சம்மதமா?

“நிறுத்துங்க. திரையில ஒண்ணுகூட இல்ல. ஆனா கேள்வியில மூணு. மறைச்சதையும் சேர்த்து எண்ணுது.” ராமசெல்வி ஞானத்தின் பக்கம் திரும்பினார். “வாசிச்சவங்களுக்கு நாற்பத்தொண்ணுதான் தெரியும். நீங்க சொன்ன நாற்பத்துநாலு, மறைஞ்ச மூணையும் சேர்த்து, இந்தக் கேள்வியில மட்டும்தான் வரும். இதுக்கு ஆமான்னு அழுத்தினது நீங்கதான்.”

ஞானம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“லாரி என் மச்சானோடது. சுப்பராயன் நம்பரோட சொல்லிட்டான். அதை மட்டும் எடுத்தா நேரா எங்கமேலதான் சந்தேகம் வரும். அதான் எல்லாத்தையும்… பக்கமே இல்லாமப் போனா தெரிஞ்சிடும்னு மறுபடி போட்டேன். அந்த மூணு வந்து நிக்கும்னு தெரியாது.”

“லாரி நம்பர்?”

சொன்னார். ராமசெல்வி எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்.

ஞானத்தை ஏற்றிக்கொண்டு ஜீப் போனதும் பட்டம்மாள் அறிவிடம் திரும்பினாள்.

“அவரு பேசுனது திரும்ப வராதா நைனா?”

“வராதுக்கா. மத்த நாப்பது பேரையும் கூப்ட்டு மறுபடி கேட்டுக்கலாம்…” அறிவு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனருகில் உட்கார்ந்தாள்.

“அவரு சொல்லச்சொல்ல நானும் பக்கத்துலதான இருந்தேன். எழுது. என் பேரைப் போடு.”

பெயருக்கான கட்டத்தில் அறிவு ‘பட்டம்மாள்’ என்று அடித்துவிட்டுக் காத்திருந்தான். “அவரு மொதல்ல லாரி நம்பரைத்தான் சொன்னாரு,” என்று அவள் தொடங்கினாள்.