இலையில் குறைந்த சோறு

இலையில் வைத்த சோற்றில் ஓர் ஓரம் குறைந்திருந்தது.

கோழி கொத்தியிருக்குமோ என்று பார்த்தால் ஜன்னலும் கதவும் சாத்தியே இருந்தன. கட்டிலில் திருமூர்த்தி வாயை இறுக மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். உதடுகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. சோறு தின்ற வாய் அப்படியா இருக்கும்? அவர் மனைவி ராசாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவருக்கு உணவுக்குழாயில் புற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்து, மிச்சத்தை நெஞ்சுக்குள் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தையல் கூடும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆகாது. வயிற்றில் செருகிய குழாய் வழியாகத்தான் கஞ்சி. வீட்டுக்கு வந்த சில நாளிலேயே தையல் கசிந்து, காய்ச்சல் கண்டு, மறுபடியும் அட்மிட் செய்யும்படி ஆனது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க ஐசியூவில் கையைக் கட்டிப் போட்டிருந்தார்களாம். பிழைத்துத் திரும்புகையில், பொள்ளாச்சி ரோட்டில் காரிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"செத்தாலும் நம்மூட்லயே சாகறேன், அம்மணி. இன்னொருக்கா அங்க கொண்டுபோயி உட்றாதே."

அவளும் அழுதுகொண்டே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் சாப்பிடுவாள். அவர் முன்னால் இலை விழாமல் அவளுக்குத் தொண்டைக்குள் இறங்காது. அதனால் மத்தியானம் கட்டிலருகே இலை போட்டு, சூடாகச் சோறும் கொள்ளு ரசமும் வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே எடுத்துச் சாப்பிடுவாள். பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாள் அதைப் பார்த்து முகம் வெளுத்துப் போனாள்.

"சாப்புட முடியாத மனுசனுக்கு எலை போடாதீங்கக்கா. அது செத்தவங்களுக்கு வெக்கறதுங்க. எது வந்து உக்காருமோ."

"உசுரோட இருக்கறவருக்குத்தான் வெக்கறேன்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள் ராசாத்தாள். இலையை நிறுத்தினால் அவரையே கைகழுவியது மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

அடுத்தடுத்த நாட்களிலும் சோறு குறைந்தது. அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. நெஞ்சில் தையல்மேல் போட்டிருந்த கட்டுத் துணியிலிருந்து புளித்த சோற்று வாடை வந்தது.

ஆஸ்பத்திரி நர்ஸ் கயல்விழி தினமும் போனில் விசாரிப்பாள். "காய்ச்சல் இருக்குதுங்களாம்மா? கட்டுல வாசம் வருதுங்களா? வந்தா ஒடனே கூட்டிட்டு வந்துருங்க. தள்ளிப்போட்டா காப்பாத்த முடியாதுங்க."

"அதெல்லாம் இல்ல, கண்ணு. நல்லா இருக்காருங்க."

சொன்ன பொய் நாள் முழுக்க நெஞ்சை அறுத்தது.

மறுநாள் மத்தியானம் இலை போட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றாள். கரண்ட் போய் மின்விசிறி நின்று, தோப்பில் ஓலை உரசுவதும் அடங்கி, எங்கோ தேங்காய் உரிக்கிற கடப்பாரைச் சத்தமும் ஓய்ந்த பிறகு, ரசத்தின் பூண்டு வாசமும் அந்தப் புளித்த வாடையும் கதவிடுக்கில் கலந்து வர, உள்ளே யாரோ மெல்லுவது கேட்டது.

நிதானமாக. நாக்கைச் சப்புக்கொட்டி.

அவர் மெல்லுகிற சத்தமேதான். எத்தனை வருஷம் கேட்ட சத்தம்!

கதவைத் திறந்தாள். அவர் அசையாமல் கிடந்தார். வாய் மூடியிருந்தது. சத்தம் நிற்கவில்லை.

நெஞ்சுக் கட்டுக்குள்ளிருந்து வந்தது. துணி மேலும் கீழும் அசைந்தது. அதன் ஓரத்தில் ஒரு பருக்கை.

"இன்னொரு வாய் சோறு குடு, அம்மணி."

அவர் குரல். அவர் உதடு அசையவில்லை.

போன் அடித்தது. கயல்விழி. எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் வண்டி வரும். மறுபடியும் அந்த ஐசியூ கட்டில், கையில் அந்தக் கட்டு. காரில் கொடுத்த வாக்கு ராசாத்தாளுக்கு நினைவு வந்தது. எத்தனை மாதமாயிற்று, அவர் சோறு கேட்டு!

போன் அடித்து ஓய்ந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, பச்சைக் குழந்தைக்குப் பிசைவது போலக் குழையப் பிசைந்தாள். கையை நெஞ்சுக் கட்டின் அருகே கொண்டுபோனாள். துணி தானாக விலகியது. உள்ளே சின்னதாக, ஈரமாக, ஒரு வாய் திறந்தது.

ஊட்டினாள். சூடான நாக்கு அவள் விரலை நக்கியது.

அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். திருமூர்த்தி கண் விழித்திருந்தார். குரல் எழாமல், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டி அழுதுகொண்டிருந்தார்.