மடங்கும் லென்ஸ்

இழுத்துத் திருகிப் பூட்டி வைத்திருந்த லென்ஸ், அலமாரியில் இருந்தபடியே ஒரு நகத்தளவு உள்ளே போயிருந்தது. மத்தியானம் பிடித்த மழை அருமனை ஊரின் ரப்பர் மரங்களை விடாமல் நனைத்துக்கொண்டிருக்க, ரப்பர் ஷீட்டுகள் காயும் புரைக்கொட்டகையிலிருந்து வந்த புளித்த புகைவாடை திரைச்சீலையிலும் பெபிஷாவின் விரல்களிலும் ஒட்டிக் கிடந்தது. அந்தப் பழைய கேமராவில் லென்ஸின் குழலை உள்ளே மடக்கக் கூடாது. மடக்கினால் அதன் பின்முனை, ஃபிலிமை மறைத்து நிற்கும் துணித்திரையில் போய் இடிக்கும். யாரும் தெரியாமல் அழுத்திவிடக் கூடாதென்று, ரப்பர் பாலில் முக்கிய நூலைக் குழலைச் சுற்றி வளையமாகக் கட்டியிருந்தாள். ஈரத்தில் அது பிசுபிசுத்து வழிந்திருந்தது.

குழலை வெளியே இழுத்தாள்.

"அக்கா, இஞ்ச பாரு." தங்கை ஜினி அடுக்களையிலிருந்து வந்தாள். அவள் புருஷன் செல்வதாஸ் உடைத்த உதட்டில் தையல் இன்னும் கறுப்பாக இருந்தது. அதற்கு மேலே, கன்னத்தில், புதிதாக ஒரு வட்டப் பள்ளம்.

"கைய முட்டுக் குடுத்து உறங்கியிருப்ப, ஏட்டி."

"உறங்கினேனா? நல்ல தமாசு."

அந்த ஃபிலிமில் இருந்தது ஒரே படம். போலீசில் காட்டுவதற்காக நேற்று எடுத்த ஜினியின் முகம். பெபிஷா திரும்பி நின்று, குழலை மயிரிழை அளவு அழுத்திப் பார்த்தாள்.

"அக்கா, மூக்கிலேருந்து சோரை வருது."

திரும்பி ரத்தத்தைக் கண்டதும் பயந்து குழலை இழுத்துப் பூட்டினாள். அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று வெதுவெதுப்பாகக் கண்திறந்தது. அது என்னவென்று தனக்கே சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை.

பைக் சத்தம் முற்றத்தில் வந்து நின்றது. ஜினி உள்ளறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். செல்வதாஸ் மழையில் இறங்கி நின்றான். கையில் ரப்பர் வெட்டும் கத்தி.

"அவள வெளிய விடுங்க மயினி. இண்ணு உதட்டோட நிறுத்த மாட்டேன்."

பெபிஷா கேமராவை எடுத்தாள். முதலில் ஃபிலிம் திருகைச் சுற்றினாள். ஜினியின் படம் நகர்ந்து சுருளுக்குள் பத்திரமாகப் போய்விடும். அடுத்த கட்டம் இவனுக்கு. ஜன்னல் கம்பிக்கிடையே லென்ஸை வைத்தாள்.

"போட்டோவா? எடுங்க, எடுங்க. பல்லக் காட்டணுமா?"

காட்டினான். எடுத்தாள்.

வளையத்தை உரித்தாள். பூட்டை விடுவித்தாள். உள்ளங்கையை லென்ஸின் மேல் வைத்து அழுத்தினாள்.

பற்கள் முதலில் உள்ளே போயின. பிறகு மூக்கு. தேங்காய் உடைபடும் சத்தம். கத்தி சேற்றில் விழுந்தது. அவன் முழங்காலிட்டான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தோன்றவில்லை. போனில் கேட்ட ஜினியின் அத்தனை அழுகையும் உள்ளங்கையில் கூடி நின்றது. குழல் அடியில் முட்டும்வரை அழுத்தினாள்.

மழை. மழை மட்டும்.

கை தளர்ந்தபோதுதான் இடப்புறத்துச் சின்னத் திருகு கண்ணில் பட்டது. ஃபிலிம் நகர்ந்தால் அதுவும் கூடவே சுற்ற வேண்டும். அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை. வலப்புறத்து ஃபிலிம் திருகைச் சுற்றினாள். இடப்புறம் அசையவில்லை. மறுபடி சுற்றினாள். அசையவில்லை. ஃபிலிமின் நுனி சுருளில் மாட்டவே இல்லை. ஜினியின் படம் இருந்த இடத்திலேயே நின்றிருந்தது.

ஒரே கட்டம். இரண்டு முகம்.

பின்னால் தாழ்ப்பாள் விலகியது.

"போயாச்சா அக்கா?"

குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் குரல். பெபிஷா திரும்பினாள்.

ஜினி கதவு நிலையைத் தடவிப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகம் இருந்த இடத்தில் சுத்தமான வட்டம். அதன் ஓரத்தில் தையல் நூல் தொங்கியது. வட்டத்தின் வழியே உள்ளறைச் சுவரின் காலண்டர் தெரிந்தது. காற்றில் அதன் தாள்கள் புரண்டன.