கோயிலுக்குள் ஒரு பாவு

1979, காலாண்டு லீவு. வேலூர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தேவானந்தம் சார் ஒருநாள் சுற்றுலாவுக்குக் கூட்டி வந்திருந்தார். காலையில் கோட்டைக்குள் இருக்கும் பழைய தேவாலயம். அப்புறம் குடியாத்தத்தில் சார் சாவி வாங்கித் திறந்து காட்டிய ஒரு சின்ன, நீளமான தேவாலயம், அதன் பக்கத்துத் தெருவில் நெசவு. மத்தியானம் ஆம்பூர்த் தேவாலயம், கூடவே பிரியாணி. அதனால் ஜேக்கப்புக்குக் காலையிலிருந்தே பசி.

நெசவாளர் தெருவில் நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். இடையிடையே குறுக்காக மூங்கில் கழிகள் செருகியிருந்தன.

"இதான் பாவு. தறியில நீளவாக்குல போற நூல். கஞ்சி தடவி இப்படித் தெருவுலதான் காய வைப்பாங்க. யாரும் தொடாதீங்க," என்றார் சார். எதைப் பார்த்தாலும் விளக்கம் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

நெசவாளர் அம்சவேணி அக்கா பாவின் மேல் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பு டோரதி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அவள் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு பாவின் மேல் விழுந்தது.

"ஐயோ, மழ," என்று அக்காவின் வீட்டுக்காரர் லோகநாதன் ஓடி வந்தார். "இன்னா பண்றது இப்ப? தெருவுல பாதி பேரு கல்யாணத்துக்குப் போய்ட்டாங்களே."

"சுருட்டி எடுத்துக்கலாமே அண்ணா," என்றாள் டோரதி.

"ஈரக் கஞ்சியோட சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கும் பாப்பா. நனஞ்சா கஞ்சி போய்டும். இது போச்சுன்னா இந்த மாசம் நெய்ய நூலே கிடையாது."

அக்கா முந்தானையைப் பாவின் மேல் விரித்துப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்த்த டோரதிக்கு அழுகையே வந்துவிட்டது. நீளமான கூரை வேண்டும். இவ்வளவு நீளமாக இங்கே என்ன இருக்கிறது? சட்டென்று திரும்பினாள்.

"சார், இப்ப பாத்த கோயில் சாவி இன்னும் உங்ககிட்டதான இருக்குது?"

சார் தயங்கினார். "ஆராதனை நடக்கிற இடம்மா. தரையெல்லாம் கஞ்சி ஆய்டும்."

"கஞ்சிதான சார். நாங்க தொடச்சிடறோம்."

சார் வானத்தைப் பார்த்தார், பாவைப் பார்த்தார், பிறகு சாவியோடு ஓடினார்.

லோகநாதன் இரண்டு பக்கத்துக் கயிறுகளையும் அவிழ்த்தார். கழிக்கு இரண்டு பேராகப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அதோடு வேறு தொல்லை தொடங்கியது. முன்னால் இருந்தவர்கள் ஓடினார்கள். பின்னால் இருந்தவர்கள் நின்றார்கள். நடுவில் ஜேக்கப் மாடு மாதிரி இழுத்தான்.

"இழுக்காதீங்கப்பா, அறுந்துடும்," என்று கத்தினார் லோகநாதன்.

டோரதி எல்லோரையும் பார்த்தாள். இவர்கள் வருஷா வருஷம் ஜோடி ஜோடியாக, ஒரே சீராக நடக்கிறவர்கள்தானே?

"குருத்தோலை ஞாயிறு பவனியில எப்படி நடப்போம்? அப்படியே நடங்க. ஒவ்வொரு 'ஓசன்னா'வுக்கும் ஒரு எட்டு வைங்க," என்று சொல்லிவிட்டு, "ஓசன்னா" என்று பாடத் தொடங்கினாள்.

கால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. குருத்தோலைக்குப் பதில் மூங்கில் கழி, அவ்வளவுதான். பாவு தொய்யாமல், இழுபடாமல் தெருமுனை திரும்பித் தேவாலய வாசலுக்குள் நுழைந்தது. பீடத்தின் பக்கம் முதல் ஜோடி போய் நின்றபோது, கடைசி ஜோடி வாசல் கூரைக்கு அடியில் வந்திருந்தது. வெளியே மழை கொட்டியது.

லோகநாதன் ஒரு முனையைத் தூணில் கட்டினார். மறுமுனையை வாசல் கம்பியில் கட்டினார். நடுவில் தாங்கப் பிள்ளைகளின் கைகள்தான் இருந்தன. கை மாற்றி, தோள் மாற்றிப் பிடித்தார்கள். அக்கா ஈரம்பட்ட இடங்களில் மறுபடியும் கஞ்சி தடவினார்.

மழை விட்டபோது மத்தியானம் எப்போதோ போயிருந்தது. பாவு காய்ந்திருந்தது. லோகநாதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

"ஒண்ணும் ஆவல. அப்படியே தறியில ஏத்தலாம்," என்றார்.

அம்சவேணி அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, டோரதியின் சிவந்த உள்ளங்கைகளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். சார் எந்த விளக்கமும் சொல்லாமல், வாளியும் துணியுமாகத் தரையைத் துடைக்கத் தொடங்கினார். பிள்ளைகளும் உட்கார்ந்து துடைத்தார்கள்.

ஆம்பூர் போக நேரமில்லை. திரும்பும் பஸ்ஸில் டோரதிக்குக் கை வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆம்பூரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, ஜேக்கப்பைத் தவிர.