ஒரு ஆள் நிற்கிற இடம்

செந்துறை பஸ்ஸை விட்டு இறங்கியதும் சத்யப்பிரியா நேராக அரியலூர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போனாள். பிணவறைக்கு எதிரே, புங்கமரத்தடியில், அவள் காலனிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அவள் தங்கை தமிழ்மொழி கிடந்தாள்.

கைவிட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்துத் தண்ணீரிலிருந்து எடுத்த உடம்பு. தவறி விழுந்தாள் என்றது போலீஸ். கழுத்தில் விரல்கள் பதிந்திருந்ததைக் காலனியே பார்த்தது. பருத்திக்காட்டு முதலாளி மகன் பைக்கைக் குறுக்கே விட்டு அவளை மறித்ததையும் பார்த்தது. ஆனால் அவன் பெயரை எழுத எந்தப் பேனாவிலும் மை இல்லை.

"அவனப் புடிக்கிற வரைக்கும் எம்மவள வாங்க மாட்டேன்." அம்மா பொன்னாயி சொன்னது இவ்வளவுதான். அதற்குப் பிறகு அழவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது நல்லுசாமி வந்தான். காலனிக்காரன்தான், முதலாளி வீட்டு வாசலிலேயே கிடப்பவன். கையில் பேப்பரும் மைப்பெட்டியும்.

"தவறி வுழுந்ததாவே இருந்துட்டுப் போவட்டும் பொன்னாயி. கைநாட்டு வையி, எடுத்துரலாம். நாளைக்கும் அவுங்க காட்டுக்குத்தான போவணும்?"

"அவுங்க வூட்டு டீ இன்னும் ஒம் மீசையில ஒட்டியிருக்கு. தொடச்சிட்டுப் பேசுய்யா," என்றாள் சின்னப்பிள்ளை அத்தை. யாரோ சிரித்துவிட்டார்கள். பிணவறை வாசலில் அந்தச் சிரிப்பு கல்லெறிந்த மாதிரி விழுந்தது.

நல்லுசாமி குரலை இறக்கினான். "வெயில பாத்தியா? புள்ள ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?"

அம்மாவின் முகம் இளகியதைச் சத்யப்பிரியா பார்த்தாள். அந்தக் கட்டைவிரல் ஒருமுறை பதிந்தால் போதும். தமிழ்மொழி என்றைக்கும் தவறி விழுந்தவள்தான்.

அந்த நேரம் பார்த்து விக்கிரமங்கலத்துச் சொந்தக்காரப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் வராததுமாகக் கட்டியழ வட்டம் கட்டினார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலைகளை உள்ளே கவிழ்த்து அழுகிற வட்டம். அம்மாவையும் எழுப்பி நிறுத்தினார்கள். சத்யப்பிரியா ஒதுங்கியே நின்றாள். குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து இந்த வட்டம் அவளுக்கு வெட்கம்.

"ஏண்டி, படிச்சவ தோள்ல கை போட்டா ஒட்டிக்குமா?" அத்தை இழுத்து உள்ளே விட்டாள்.

வேர்வை நாற்றம், வெற்றிலை நாற்றம். குனிந்த தலைகளுக்கு நடுவே இருட்டு. ஒப்பாரி நெஞ்சில் இடித்தது.

பிறகு வேறொரு வாடை வந்தது. நனைந்த சுண்ணாம்புக்கல்லின் வாடை.

வலது தோளில் ஒரு கை விழுந்தது.

சில்லென்று. சொட்டச் சொட்ட.

வலப்பக்கம் அம்மாதான். சத்யப்பிரியா மெல்லத் திரும்பினாள். அம்மா எட்டி நின்றாள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

அம்மாவின் இடது கை அந்தக் காலி இடத்தில், தோள் உயரத்தில், படுத்திருந்தது.

விழவில்லை.

"அசையாதடி," அம்மா முணுமுணுத்தாள். "நிக்கிறா."

ஒப்பாரி நிற்கவில்லை. யார் பாடுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. வட்டத்தில் இல்லாத ஒரு இளங்குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல, ஒவ்வொரு அடியையும் எடுத்துக் கொடுத்தது.

"போதும் வாங்கடி!" நல்லுசாமி மைப்பெட்டியோடு பாய்ந்து வந்தான். அம்மாவின் கட்டைவிரலைப் பிடிக்க, அந்தக் காலி இடத்துக்குள் கால் வைத்தான்.

நின்றுவிட்டான்.

வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. சுண்ணாம்பு கலங்கிய தண்ணீர் வந்தது. சட்டை நனைய, நனைய, நிற்காமல் வந்தது. பேப்பர் அதில் கூழானது. தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு அவன் பின்வாங்கி ஓடினான். கேட்டைத் தாண்டும் வரை அவன் இருமுவது கேட்டது.

மறுநாள் காலை அவனே ஸ்டேஷனுக்குப் போய், முதலாளி மகன் தன்னிடம் சொன்னதையெல்லாம் கக்கினான். அந்த மகனைப் போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றியதைப் பார்த்த பிறகுதான் பொன்னாயி மகளை வாங்கினாள். அடக்கம் முடிந்த பிறகுதான் அழுதாள்.

சத்யப்பிரியாவின் சட்டைத் தோளில் ஈரம் காய்ந்து வெள்ளைக் கைத்தடமாக நின்றது. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. அதையே போட்டுக்கொண்டு அலைந்தாள்.

அறுவடை முடிந்த சமயம். பெரம்பலூர் பிணவறை வாசலில் ரத்தினம்மாள் என்றொரு தாய் மகளை வாங்க மறுத்துத் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அம்மாவும் அத்தையும் சத்யப்பிரியாவும் பஸ் ஏறினார்கள். அம்மா அந்த அந்நியப் பெண்ணை எழுப்பி நிறுத்தினாள். இந்த முறை சத்யப்பிரியாவை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏம்மா, எடம் வுட்டு நிக்கிறீங்க?" என்றாள் ரத்தினம்மாள்.

"வருவா," என்றாள் அம்மா.

பாடத் தொடங்கினார்கள். சுண்ணாம்புக்கல் வாடை வந்தது. வலது தோள் குளிர்ந்தது. சத்யப்பிரியா பயப்படவில்லை; குனிந்து தரையைப் பார்த்தாள்.

கொதிக்கிற சிமெண்டுத் தரையில் ஈரக்காலடிகள் பிணவறைக் கதவிலிருந்து வட்டத்தை நோக்கி வந்திருந்தன.

இரண்டு ஜோடி.

ரத்தினம்மாளின் தொங்கிய கை மெல்ல மேலே எழுந்தது. யாரோ எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டது போல, காற்றில் அப்படியே நின்றது.