குழாய்க்குள் இரண்டு பேர்

மதிய ஷிப்டுக்கு வந்த ஆபரேட்டர், சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தாள். நான்கு பித்தளை வில்லைகள். அணையிலிருந்து டர்பைனுக்குத் தண்ணீர் இறங்கும் இரும்புக் குழாயை வடித்துவிட்டு, நான்கு ஃபிட்டர்கள் உள்ளே போயிருந்தார்கள். ஒருவன் அவள் புருஷன்.

உள்ளே போகிறவன் தன் வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்து தன் கையாலேயே எடுக்க வேண்டும். அதுவரை பெற்ற தாய் வந்து கேட்டாலும் தண்ணீர் திறக்கக் கூடாது கண்ணுகளா, அது அங்கத்திய சட்டம்.

அன்றைக்கு ஃபோர்மேன் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் போல வந்தார். நான்கு வில்லைகளையும் ஒரேயடியாக உருவினார்.

"எல்லாப் பயலும் கை கழுவப் போயிட்டானுங்க. குழாய் மூடிய முறுக்கியாச்சு. மேல இருந்து காய்ச்சு காய்ச்சுனு காய்ச்சுறாங்க, தொறந்து விடும்மா."

"அவங்கவங்க தானே எடுக்கணும், அண்ணே?"

"உன் புருஷன் எங்க ஓடிடப் போறான்!"

சிரித்துக்கொண்டே சுவிட்சில் கை வைத்தாள்.

ஈர சிமென்ட் வாடை குப்பென்று அடித்தது.

சுவரில், அணை கட்டிய நாளில் மாட்டி, ஒயர் அறுந்து வருஷக்கணக்கான போன் மணி அடித்தது.

எடுத்தாள். தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு, முன்பின் கேட்டிராத ஒரு குரல், கிசுகிசுப்பாக:

"தங்கச்சி, தொறக்காத. உள்ள ரெண்டு பேர் இருக்கோம்."

அவள் போட்ட கூச்சலில் ஃபோர்மேன் ஓடினார். மூடியைக் கழற்றியதும் வெளிறிப்போய் வெளியே வந்தான் அவள் புருஷன். விட்டுவந்த ஸ்பேனரை எடுக்கத் திரும்பிப் போனவன்.

"என்னைக் கழட்டி விடலாம்னு பாத்தியாடி?" என்றான்.

"உள்ள கூட யாருங்க?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

ஃபோர்மேன் டார்ச்சோடு போய்க் குழாய் முழுக்கத் தேடினார். திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"காலியா இருக்கு. தொற."

நான்கு பேரையும் எதிரில் நிற்கவைத்து, தலையைத் தொட்டு எண்ணிய பிறகே திறந்தாள். குழாய் நிரம்பியது. அழுத்தமானியில் முள் ஏறியது. டர்பைன் உறுமியது.

அந்த உறுமலுக்கு அடியில் ஒரு சத்தம்.

டங்.

நிதானமாக, இன்னொரு டங்.

நிரம்பிய குழாயின் உட்புறத்தை யாரோ சுத்தியலால் தட்டிச் சோதித்தபடி, தண்ணீர் வரும் திசைக்கு எதிராக, மேலே நடந்துகொண்டிருந்தார்கள்.