ஷுக்ரியின் உதட்டு ஈரம்

ஷுக்ரியின் உதடு ஈரமாக இருந்தது. நபீலா பஞ்சை இன்னும் தண்ணீரில் தோய்க்கவே இல்லை.

கணையத்தில் இருந்த கட்டியை அறுத்தெடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தான் சொல்லும்வரை ஒரு வாய்த் தண்ணீரும் கொடுக்கக்கூடாது, உள்ளே போட்ட தையல் விட்டுப்போனால் ஆள் தப்பமாட்டார், உதட்டை மட்டும் பஞ்சால் நனைக்கலாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த வேலையை நபீலா மாமிக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. துணிக்கு வரிசை நின்ற அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பதுளையில் புடவைக்கடையைக் கட்டிக் காத்த மனுஷன், நபீலாவைக் கல்யாணம் கட்டிய நாள் முதல் அவளிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போதாவது கேட்கட்டும் என்று பக்கத்திலேயே இருந்தாள்.

ஆஸ்பத்திரி யன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவை மூடிக்கொண்டு அந்திப் பனி ஏறியது. டெட்டோல் நெடியோடு புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசமும் வந்தது. கட்டிலுக்கடியில், அவன் வயிற்றிலிருந்து வந்த குழாய் வழியே பழுப்பு நீர் ஒரு போத்தலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு நனைச்சது?" என்று கேட்டாள்.

"றஷீனா," என்றான் கண் திறக்காமல். "அவட கை எவ்வளவு குளிர்."

றஷீனா அவனுடைய முதல் மனைவி. மௌத்தாகிப் பல வருடம். உயிர் பிரியும் நேரத்தில் அவள் உதட்டைப் பஞ்சால் நனைத்தது தான்தான் என்று ஷுக்ரி ஒருமுறை சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அந்தப் பஞ்சின்மேல்கூட நபீலாவுக்குப் பொறாமை. செத்தவளோடு போட்டியா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வயிறு எரிந்தது.

சுகமானதும் கொடுக்கச் சொல்லி மாமி வைத்துப்போன, குர்ஆன் ஓதின தண்ணீர் மேசைமேல் இருந்தது. ஓதின தண்ணீர் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளாஸை நிரப்பினாள்.

"நான் தாறன். குடிங்க."

ஒரே மூச்சில் குடித்தான். கண் திறந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தான்.

சொட்டும் சத்தம் வேகமானது. குனிந்தாள். போத்தலில் பழுப்பு நீர் இல்லை. தெளிந்த தண்ணீர். அவள் கொடுத்த தண்ணீர்.

அவன் கையைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே.

நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிட வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டை வறண்டிருந்தது.

மண் வாசம். முதுகுக்குப் பின்னால்.

ஈரப் பஞ்சு ஒன்று, மெதுவாக, மிகவும் பரிவாக, நபீலாவின் உதட்டை நனைத்தது.