கோட்டுக்கு அந்தப் பக்கம்

பால் வாளியோடு மாரித் உள்ளே வந்தபோது ராக்னாவின் கட்டில் அடுப்போரம் கிடந்தது.

வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"யாரு இதை இங்க இழுத்தது?"

கட்டிலில் கிடந்த ராக்னா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்த ஹால்வோர்தான் பதில் சொன்னான்.

"நான்தான். ராத்திரி பூரா இருமிக்கிட்டே இருந்தா. கூடப் பொறந்தவளாச்சே, மனசு கேக்கலை."

"திருப்பிப் போடுங்க."

"முதல்ல காபி குடிக்கலாம், மாரித்..."

"முதல்ல கட்டில்."

அந்த வீட்டு மண் தரையின் நடுவே ஒரு வரிசைக் கற்கள் பதிந்திருந்தன. அதற்கு மேற்கே ஹால்வோரின் நிலம், கிழக்கே அவன் தங்கை ராக்னாவின் நிலம். அமெரிக்காவின் டகோட்டாவில் சர்க்கார் நிலம் சும்மா கிடைத்தது. ஆனால் ஐந்து வருடம் அவரவர் நிலத்தில்தான் குடியிருக்க வேண்டும். நார்வேயிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு ஒரு வீடு கட்டவே மூச்சு முட்டியது. அதனால் அந்தப் பக்கத்தில் பலரும் செய்ததைப் போல, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி, எல்லைக்கோட்டின் மேலேயே வீட்டைக் கட்டினார்கள். அடுப்பு மேற்கே அமைந்துவிட்டது. ராக்னாவின் கட்டில் எதிர்ப்பக்கம், கிழக்குச் சுவரை ஒட்டி. இது ஐந்தாவது குளிர்காலம்.

"இந்தப் பனியில எவன் வந்து பாக்கப் போறான்?" என்றான் ஹால்வோர்.

"எவனும் பாக்க வேணாம். பட்டா கேக்கறப்போ அவ பைபிள் மேல கை வச்சுச் சொல்லணும். பொய் சொல்ல வருமா உங்க தங்கச்சிக்கு?"

ராக்னா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் காய்ச்சலில் சிவந்திருந்தன.

"நான் செத்தாக்கூட, பொணத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுட்டுத்தான் அழுவீங்க போல இருக்கு, அண்ணி!"

"சாக மாட்டே. எழுந்திரு."

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா...? எங்கம்மா மட்டும் இங்க இருந்திருந்தா..."

"உங்கம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. இங்க நான்தான் இருக்கேன்."

"தெரியுது! நல்லாவே தெரியுது! என் நிலத்துல ஓடை இருக்கு. நாளைக்கு அது உங்க மகனுக்கு வேணும். அதுக்குத்தானே இவ்வளவும்?"

அடுப்போரத் தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. மாரித் குனிந்து கட்டிலின் காலைப் பிடித்து இழுத்தாள். இடுப்பில் சுரீரென்றது. ஹால்வோர் முணுமுணுத்துக்கொண்டே மறுபக்கம் பிடித்தான்.

"நல்லவேளை, டர்னர் கிளம்பிப் போயிட்டான். இந்தக் கூத்தைப் பார்த்திருந்தா சிரிச்சிருப்பான்."

மாரித்தின் கை நின்றது. "டர்னரா? இங்கயா?"

"நீ மாட்டுக் கொட்டில்ல இருந்தப்போ தீப்பெட்டி கேட்டு வந்தான். அதுக்கென்ன?"

"உள்ள வந்தானா? கட்டில் அடுப்போரம் கிடந்ததைப் பாத்தானா?"

"கண்ணு இருக்கே, பாக்காம எப்படி?"

டர்னர், ராக்னாவின் நிலத்தை ஒட்டி வந்து குடியேறியவன். அவன் நிலத்தில் தண்ணீர் இல்லை. மாரித் பெருமூச்சு விட்டாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை பக்கத்துப் பண்ணை குன்ஹில்டா காபி அரைக்கும் இயந்திரத்தை இரவல் கேட்டு வந்தாள். கிழக்குச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்த உறைபனியைப் பார்த்தாள். ராக்னாவின் போர்வை விளிம்பு விறைத்திருப்பதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அட கடவுளே! மாட்டுக்குக்கூட வைக்கோல் போட்டு வைக்கிறோமே, மாரித்! இது மனுஷப் பொண்ணு இல்லையா?"

"காபி மிஷின் அலமாரியில இருக்கு, அக்கா. எடுத்துக்குங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாதிரியார் வந்து ஜெபம் நடத்திய வீட்டில், மாரித்தின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மரமே இல்லாத பூமி அது. காய்ந்த புல்லை முறுக்கி முறுக்கித்தான் அடுப்பெரிக்க வேண்டும். ஒரு முறுக்கு, நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் சாம்பலாகிவிடும். எல்லோரும் தூங்கிய பின் மாரித் எழுந்து, புல்லை முறுக்கிப் போட்டு, ஓடையிலிருந்து எடுத்துவந்த ஒரு கல்லைச் சூடாக்கி, சாக்கில் சுற்றி ராக்னாவின் காலடியில் வைத்துவிட்டு வருவாள். ஆறியதும் மறுபடி எழுவாள். ராக்னா தூக்கத்தில் கால்களை அதன் மேல் வைத்துக்கொள்வாள். காலையில், "அண்ணனுக்காவது என் மேல பாசம் இருக்கு" என்று, அண்ணிக்குக் கேட்கும்படி சொல்லிக்கொள்வாள்.

மாரித் அதைத் திருத்தவில்லை. காலையில் குடத்தைத் தூக்கும்போது, கல்லில் சுட்டுக்கொண்ட விரல்கள் எரியும்.

கோடை வந்தது. ஐந்து வருடம் முடிந்து ராக்னா பட்டாவுக்கு மனுக் கொடுத்தாள். டர்னரும் ஒரு மனுக் கொடுத்தான்: இந்தப் பெண் தன் நிலத்தில் குடியிருக்கவே இல்லை, அண்ணன் வீட்டு அடுப்போரம்தான் தூங்கினாள், என் கண்ணால் பார்த்தேன், அதனால் நிலம் எனக்கு வேண்டும்.

ஹால்வோரின் முகம் செத்துப்போயிற்று. "என்னாலதான்... ஒரே ஒரு ராத்திரி..."

தோற்றால் ராக்னாவுக்கு ஒன்றுமே இல்லை. ஐந்து வருட உழைப்பு போய், அண்ணன் வீட்டில் அண்டிக் கிடக்க வேண்டும். இல்லையென்றால் நகரத்தில் யாருக்காவது பாத்திரம் கழுவ வேண்டும்.

விசாரணை நகரத்தில் நடந்தது. டர்னர் தன் சாட்சியாகக் குன்ஹில்டாவை அழைத்து வந்திருந்தான். அவனுக்கு நார்வே மொழி தெரியாது. அந்த வீட்டைப் பற்றி இவள் போகிற இடமெல்லாம் கரித்துக் கொட்டுகிறாள் என்பது மட்டும் தெரியும்.

முதலில் ராக்னா பைபிளின் மேல் கை வைத்தாள்.

"ஒரு ராத்திரி மட்டும் அந்தப் பக்கம் தூங்கினேன். காய்ச்சல். எங்கண்ணன் கட்டிலை இழுத்துப் போட்டுட்டார். விடிஞ்சதும் அண்ணி திருப்பித் தள்ளிட்டாங்க. மத்த ராத்திரி எல்லாம் என் நிலத்துலதான்."

"அதற்கு வெளியாள் சாட்சி உண்டா?" என்று கேட்டார் அதிகாரி.

ராக்னா தலை குனிந்தாள். அடுத்து குன்ஹில்டா எழுந்தாள்.

"அந்தப் பெண் எங்கே தூங்குவாள், தெரியுமா?"

"அதை ஏன் கேக்கறீங்க, ஐயா! அஞ்சு குளிர்காலம்! நான் எப்பப் போனாலும் அந்தக் கட்டில் கிழக்கு மூலையிலதான். சுவரெல்லாம் பனி. போர்வையை எடுத்தா பலகை மாதிரி நிக்கும். அடுப்பு இந்தப் பக்கம், பொண்ணு அந்தப் பக்கம்! 'ஏண்டி, உனக்கு ஈரம் இருக்கா?'ன்னு அந்த அண்ணிக்காரிகிட்ட நானே கேட்டேன். கேட்டும் ஒரு விரக்கடை நகத்தினாளா? கல்லு, ஐயா, கல்லு! கோட்டைத் தாண்ட விட்டாளா அவளை..."

மொழிபெயர்ப்பவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டர்னர், "என்ன சொல்கிறாள்? என்ன சொல்கிறாள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

குன்ஹில்டா பாதியில் நின்றாள். வாய் திறந்தபடியே இருந்தது. மெல்லத் திரும்பி, கடைசி பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மாரித்தைப் பார்த்தாள்.

"அடிப் பாவி..." என்றாள், தணிந்த குரலில். "இதுக்குத்தானா?"

பட்டா ராக்னாவின் பேரில் ஆயிற்று.

திரும்பும் வண்டியில் பேச்சை ராக்னாதான் ஆரம்பித்தாள்.

"அண்ணா, நீ மட்டும் அந்தச் சூடான கல்லை வைக்கலைன்னா நான் அந்த மூலையில செத்தே போயிருப்பேன்."

"எந்தக் கல்லு?"

"என் காலடியில வைப்பியே..."

"நானா? படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

ராக்னா திரும்பினாள். மாரித் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த அவள் விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருந்தன. ராக்னா அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ஏன் அண்ணி... ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? எவ்வளவு பேசிட்டேன் உங்களை..."

மாரித் கையை இழுத்துக்கொள்ளாமலே சொன்னாள்.

"எங்கப்பா போனதும் வீடு அண்ணனுக்குப் போச்சு. அண்ணி கெட்டவ இல்லை. ஆனா எனக்குக் காபி ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டா. சும்மா பார்ப்பா... அதைத் தாங்க முடியாமத்தான் ஊரை விட்டே வந்தேன். நீ யாரோட தயவுலயும் இருக்கக் கூடாது, ராக்னா. என் தயவுலகூட."

ஹால்வோர் குதிரைகளைத் தட்டிவிட்டான். அவன் கண்களும் கலங்கியிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் மாரித் பழக்கத்தில் வாளியை எடுக்கப் போனாள். ராக்னா பறித்து வைத்தாள். மாரித்தின் நாற்காலியைத் தூக்கி, கற்களைத் தாண்டி, கிழக்குப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள்.

"இது என் நிலம். உட்காருங்க. இங்க நீங்க வேலை செய்யக் கூடாது."

"பால் கறக்கணும்டி..."

"அண்ணன் கறப்பார். கை இருக்குல்ல?"

ராக்னா காபி போட்டாள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், கோப்பையை மட்டுமே பார்த்து, சாசரில் வழியும்வரை ஊற்றினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

மாரித் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.

குழந்தை அழ வாயெடுத்தது. ராக்னா அதை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.